யூபியூ பட்டியலில் ‘பயோலோஜி மோலெகுல்’: அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளைகள் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்தில் விருப்பப் பாடங்களை வரிசைப்படுத்த உட்காரும்போது, கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் வீட்டில் ஒரே குழப்பம்தான். ஜெனெதிக் டான் பயோலோஜி மோலெகுல் (மரபியலும் மூலக்கூறு உயிரியலும்), பயோகிமியா (உயிர்வேதியியல்), மிக்ரோபயோலோஜி (நுண்ணுயிரியல்), பயோதெக்னோலோஜி (உயிர்த்தொழில்நுட்பம்), சாயின்ஸ் பயோபெருபாத்தான் (உயிர்மருத்துவ அறிவியல்) என்று ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் பயோலஜிதானே, எதைப் போட்டால் என்ன என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் படிப்பைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. மருத்துவம் கிடைக்காதவர்களுக்கு இது அடுத்த படி என்பது ஒன்று. முடித்தவுடன் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்துபோவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் படிப்பு உண்மையிலேயே அருமையான படிப்பு. அது என்ன என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

அடிப்படை: எதைப் படிக்கிறோம்?

உயிரணுவுக்குள் தகவல் எப்படிச் சேமிக்கப்படுகிறது, எப்படிப் படியெடுக்கப்படுகிறது, எப்படி வேலையாக மாறுகிறது என்பதே மூலக்கூறு உயிரியல். இதற்கு மூன்று சொற்கள் போதும்.

1. டிஎன்ஏ: தகவல் சேமிப்பு. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன நீண்ட இழை. மனிதனின் ஒரு தொகுதி டிஎன்ஏவில் ஏறக்குறைய 320 கோடி எழுத்துகள் உள்ளன. அதில் ஒரு குறிப்பிட்ட பொருளைத் தயாரிப்பதற்கான பகுதியை மரபணு என்கிறோம்.

2. ஆர்என்ஏ: தேவைப்படும் மரபணுவின் தற்காலிகப் படி. எந்த உயிரணு எந்த மரபணுவை எப்போது படியெடுக்கிறது என்பதில்தான் தோல் தோலாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருக்கும் ரகசியம் அடங்கியிருக்கிறது.

3. புரதம்: வேலையைச் செய்வது. ஆர்என்ஏவின் எழுத்துகள் மூன்று மூன்றாக வாசிக்கப்படுகின்றன. நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 64. அவை 20 அமினோ அமிலங்களையும் ‘நிறுத்து’ என்ற கட்டளையையும் குறிக்கின்றன. அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டு, மடிந்து, புரதமாகின்றன.

ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் மரபணுவில் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஜிடிஜி என்று வந்தால், குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழையாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடும். எழுத்திலிருந்து நோயாளியின் வலி வரைக்குமான இந்தச் சங்கிலியை ஒரு கண்ணிகூட விடாமல் விளக்குவதுதான் இந்தத் துறையின் வேலை.

பெயர்கள் பல, வேறுபாடு எங்கே?

முதலாண்டில் இந்தப் படிப்புகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. போகப் போகக் கேள்விகள் பிரிகின்றன. உயிர்வேதியியல் புரதங்களையும் உடலில் நடக்கும் வேதிவினைகளையும் பிடித்துக்கொள்கிறது. மரபியலும் மூலக்கூறு உயிரியலும் டிஎன்ஏவையும் அதன் கட்டுப்பாட்டையும் துருவுகின்றன. நுண்ணுயிரியல் கிருமிகளை எடுத்துக்கொள்கிறது. உயிர்த்தொழில்நுட்பம் இவற்றை வைத்து எதைத் தயாரிக்கலாம் என்று பார்க்கிறது. மருத்துவத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது உயிர்மருத்துவ அறிவியல். வேலைவாய்ப்பு என்று வரும்போது இந்த ஒரு வித்தியாசம் மிகவும் முக்கியம். அதைப் பின்னால் பார்ப்போம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இவை அறிவியல் புலத்தின் உயிரியல் கழகத்தைச் சுற்றி அமைந்துள்ளன. பினாங்கில், மிண்டன் வளாகத்தில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்எம்) உயிரியல் புலத்தில் இதே பாடங்கள் வேறு தலைப்புகளின் கீழ் வரும். ஆகவே ‘மோலெகுல்’ என்ற சொல் பட்டத்தின் பெயரில் இல்லாததால் அந்தப் பாடமே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆறாம் படிவ உயிரியல் போல இருக்குமா?

இருக்காது. அதிகமான மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆறாம் படிவத்தில் உயிரியல் என்றால் பெரும்பகுதி நினைவாற்றல். படத்தை வரைந்து, பெயர்களைக் குறித்து, செயல்முறையை வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பல்கலைக்கழகத்திலும் மனப்பாடம் உண்டு, ஆனால் கேள்வியின் தன்மை மாறிவிடுகிறது. “இந்த மரபணுவை நீக்கிய பாக்டீரியா இந்தச் சர்க்கரையில் வளரவில்லை, இதிலிருந்து எதை முடிவாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?” என்று கேட்பார்கள். பாடநூலைப் பத்து முறை வாசித்தாலும் இதற்கு நேரடியான பதில் அதில் இருக்காது.

இரண்டாவது, வேதியியல். டிஎன்ஏ ஏன் இரட்டைச் சுருளாக நிற்கிறது, ஏன் சூடாக்கினால் பிரிகிறது, புரதம் ஏன் இப்படி மடிகிறது, வேறு மாதிரி ஏன் மடிவதில்லை என்பதெல்லாம் ஹைட்ரஜன் பிணைப்பு, மின்சுமை, நீரோடு ஒட்டும் தன்மை பற்றிய கேள்விகள். உயிரியலில் ஏ வாங்கி வேதியியலில் தட்டுத்தடுமாறித் தேறியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு கஷ்டமாகவே இருக்கும். உயிரியலில் சுமாராக இருந்தாலும் வேதியியலும் கணக்கும் பிடித்தவர்கள் இதில் எளிதாக மேலே வருகிறார்கள். இதை ஆலோசனை சொல்லும் ஆசிரியர்கள்கூட அடிக்கடி எடுத்துச் சொல்வதில்லை.

துறையின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. புரத அமைப்பு பற்றிய எந்த உயிர்வேதியியல் பாடநூலைத் திறந்தாலும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ வரும். ஓர் அமினோ அமிலச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று காட்டும் அந்த வரைபடம், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்டது. அவர் ஓர் இயற்பியலாளர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பட்டமும் முனைவர் பட்டமும் வாங்கியது இயற்பியலில். அதன் பிறகுதான் உயிரியல் பக்கம் திரும்பினார். இந்த இரண்டு பெயர்களையும் நம் பிள்ளைகள் பாடநூலில் பார்க்கும்போது, அது வெறும் பெருமைக்கான செய்தியாக நின்றுவிடக் கூடாது. எந்த அடிப்படை பலமாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களே சான்று.

மூன்றாவது, புள்ளியியலும் கணினியும். இன்று ஒரு டிஎன்ஏ வாசிப்புக் கருவி ஓர் இரவில் தரும் எழுத்துகளை மனிதக் கண்ணால் வாசித்து முடிக்க ஆயுள் போதாது. ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சமாவது தெரியாமல் இறுதியாண்டு ஆய்வில் நுழைந்தால், நண்பர்களை நம்பியே காலம் தள்ள வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் உண்மையில் கற்பது என்ன?

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பிசிஆர் சோதனையையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு மாணவர் எவரும் இதைத் தன் கையால் செய்ய வேண்டிவரும்.

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பெருக்கும் முறை. 1983இல் கேரி முல்லிஸ் இதற்கு வழி கண்டார். 1993இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு சுற்றில் நடப்பது மூன்று காரியம். 95 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 55 பாகை அளவுக்கு இறக்கினால், நாம் சேர்த்த பிரைமர் என்ற சிறு துண்டுகள் தமக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டும். 72 பாகையில் டேக் பாலிமரேஸ் என்ற நொதி அங்கிருந்து புதிய இழையை வளர்க்கும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி என்பதால் அத்தனை சூட்டிலும் அது கெடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், 30 சுற்றில் ஒரு மூலக்கூறு 100 கோடிக்கும் மேல் ஆகிவிடும்.

சரி, மேசைமேல் இது எப்படி இருக்கும்? பனிக்கட்டியில் நிறுத்திய சின்னக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் மொத்தமே 25 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவை உறிஞ்சி விடும் கருவியான மைக்ரோபைப்பெட்டின் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். உறிஞ்சும்போதே இரண்டாம் நிறுத்தத்துக்குப் போய்விட்டால் அளவு கூடிவிடும், சோதனை அங்கேயே கெட்டது. குழாய்க்குக் குழாய் அதன் முனையில் மாட்டும் டிப்பை மாற்ற வேண்டும். சுற்றுகள் முடிந்ததும் அகரோஸ் ஜெல்லில் உள்ள சின்னக் குழிகளில் மாதிரிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். டிஎன்ஏவுக்கு எதிர்மின்சுமை என்பதால் அது நேர்முனையை நோக்கி ஓடும். சிறிய துண்டுகள் முன்னால், பெரியவை பின்னால். சாயமிட்டு ஒளியில் பார்த்தால் பட்டைகள் தெரியும்.

அந்தக் குழிகளில் ஒன்றில், டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் சேர்த்த குழாயின் கரைசல் போகும். அதை நெகட்டிவ் கன்ட்ரோல் என்பார்கள். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால், எங்கிருந்தோ டிஎன்ஏ கலந்துவிட்டது என்று பொருள். மற்றக் குழிகளில் எவ்வளவு அழகான பட்டைகள் வந்திருந்தாலும் அவற்றை நம்ப முடியாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது, நாம் நம்ப விரும்புவதையும் சான்று சொல்வதையும் பிரித்து வைக்கும் பழக்கம் இப்படித்தான் கையில் ஏறுகிறது. இந்தப் பட்டத்தின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பழக்கம் எதற்கு உதவும்: நிப்பா

1998 இறுதியில் பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளையழற்சி என்றே கருதினார்கள். அது கொசுவால் பரவும் நோய். அதனால் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சான்றுகள் ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவடத் திரவத்திலிருந்து 1999 மார்ச்சில் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் நடந்த மேல் ஆய்வுகளும் அதன் மரபு எழுத்து வரிசையும், அது 1994இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய உறவு என்று காட்டின. மாதிரி வந்த கிராமமான சுங்கை நிப்பாவின் பெயரே வைரஸுக்கும் வந்தது. கொசுவைத் துரத்துவதிலிருந்து பன்றிகளை அகற்றுவதற்கு நடவடிக்கை மாறியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்திருந்தார்கள். தவறான விளக்கத்தைச் சில வாரம் முன்னதாகவே கைவிட்டிருந்தால் அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்துக்குள் மூலக்கூறு உயிரியல்: செம்பனை

நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குலை வெட்டிய மரத்திலேயே இந்தத் துறையின் இன்னொரு முகம் இருக்கிறது. கொட்டையின் ஓட்டை வைத்துச் செம்பனையை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்.

1. டூரா: தடித்த ஓடு, எண்ணெய் தரும் சதை குறைவு.
2. பிசிஃபெரா: ஓடே இல்லை. ஆனால் பெண்பூக்கள் பெரும்பாலும் மலடாகிவிடும் என்பதால் அதை மட்டும் நட்டு விளைச்சல் காண முடியாது.
3. டெனெரா: இரண்டையும் சேர்த்துப் பெறும் கலப்பு. ஓடு மெல்லியது. டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய். தோட்டங்களில் நட வேண்டியது இதைத்தான்.

கன்றாக இருக்கும்போது மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். விதை உற்பத்தியில் வேண்டாத மகரந்தம் கலந்து டூரா கன்று வந்துவிட்டால், மரம் காய்க்கும் வரை, அதாவது சில ஆண்டுகள், யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது அந்த நிலமும் உரமும் உழைப்பும் போனது போனதுதான். அப்புறம் அந்த மரம் 25 ஆண்டு வரை இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து 2013இல் செம்பனையின் முழு மரபணுத் தொகுதியை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஓட்டின் தடிமனை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்பதும் அதோடு வெளிவந்தது. அதற்கு ஷெல் என்றே பெயர். மாறாத படி இரண்டு இருந்தால் டூரா, மாறியது இரண்டு இருந்தால் பிசிஃபெரா, ஒன்றுக்கு ஒன்று இருந்தால் டெனெரா. நாற்றங்காலில் ஓர் இலைத்துண்டைக் கிள்ளி அந்த மரபணுவைச் சோதித்தால், வயலில் நடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பள்ளியில் மெண்டலின் பட்டாணியைப் பார்த்து அலுத்துக்கொண்ட பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

யூஎஸ்எம் ஆய்வாளர்கள் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டதும் அதே 2013இல்தான். மலேசியாவின் மருத்துவ ஆய்வுக் கழகமோ, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களைச் சிலாங்கூரின் சில பகுதிகளில் விட்டு, அங்கே டிங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததை 2019இல் அறிவித்த கூட்டு ஆய்வில் பங்கேற்றது. வலையில் சிக்கிய கொசுக்களில் அந்தப் பாக்டீரியா நிலைத்திருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் பிசிஆர்தான்.

விளைவு: வேலை விஷயத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

முதலில் கசப்பான பகுதி. மருத்துவமனை ஆய்வக வேலை இந்தப் பட்டத்தோடு தானாக வராது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர் உள்ளிட்ட பல தொழில்களை ஒழுங்குபடுத்துகிறது. அந்தத் தொழில்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் வேண்டும். பிள்ளையின் ஒரே ஆசை மருத்துவமனை ஆய்வகம் என்றால், உயிர்மருத்துவ அறிவியல் அல்லது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற பாடங்களையே முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பட்டம் சட்டத்தின் கீழ் ஏற்கப்படுகிறதா என்பதையும் சேரும் முன்பே கேட்க வேண்டும். இதை முடித்துவிட்டு மருத்துவம் போகலாம் என்பவர்கள், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளில் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டிவரும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இளநிலைப் பட்டத்தோடு நேராகக் கிடைப்பவை பெரும்பாலும் தரக்கட்டுப்பாடு, ஆய்வுக் கருவி விற்பனை, பயனர் பயிற்சி, ஆய்வு உதவியாளர் ஆகிய வேலைகள். பினாங்கில் பாயான் லெப்பாஸ் என்றதும் எலெக்ட்ரானிக்ஸ் நினைவுக்கு வரும். ஆனால் பி. பிரவுன் போன்ற மருத்துவச் சாதன நிறுவனங்களும் அங்கே நெடுங்காலமாக இருக்கின்றன. கிருமிநீக்கம், தூய்மை அறை, ஆவணப்படுத்தல் என்று அந்த உலகத்துக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. சொந்தமாக ஆய்வுக் கேள்வி எழுப்பி நடத்தும் வேலை வேண்டுமென்றால் முதுநிலையும் முனைவர் பட்டமும் தேவை. பிடிபிடிஎன் கல்விக் கடனோடு படிக்கும் குடும்பங்கள், அந்தக் கூடுதல் ஆண்டுகளில் யார் சம்பாதிப்பது என்ற பேச்சை இப்போதே பேசிவிடுவது நல்லது.

ஏற்றுக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியவை

1. தனியார் கல்லூரி என்றால், அந்தப் பாடம் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கல்லூரியின் பெயர் பதிவேட்டில் இருந்தால் மட்டும் போதாது, சேரப்போகும் பாடத்தின் பெயரே இருக்க வேண்டும்.

2. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம், ஒரு மேசையில் எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஆறு பேர் சூழ்ந்து நிற்க ஒருவர் பைப்பெட் பிடிக்கும் ஆய்வகத்தில் ஐவருக்குக் கைப்பழக்கம் வராது. பளபளக்கும் விளம்பரச் சிற்றேட்டில் இது இருக்காது; அங்கே படிக்கும் மூத்த மாணவர்தான் உண்மையைச் சொல்வார்.

3. இறுதியாண்டு ஆய்வு, மாணவர்கள் சொல்லும் எஃப்ஒய்பி, ஒரு பருவமா இரண்டு பருவமா? இன்டர்ன்ஷிப் கட்டாயமா? வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றித்தான்.

4. விரிவுரை மலாயிலும் நடக்கலாம், ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இது மூன்றாவது மொழி. முதல் பருவத்திலிருந்தே வாரம் ஒரு கட்டுரையை முறைகள் பகுதி வரை வாசிக்கும் பழக்கம் இருந்தால், மூன்றாம் ஆண்டில் மொழி ஒரு தடையாக இருக்காது.

5. முடிவு வந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் நடுவே உள்ள காலத்தில் வேதியியலில் அமிலம், காரம், தாங்கல் கரைசல், மோலார் செறிவுக் கணக்குகளை மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் ஆய்வக வகுப்பிலேயே, இருப்புக் கரைசலை இத்தனை மடங்கு நீர்க்கச் செய் என்றுதான் சொல்வார்கள்.